குழுவை விட்டு வெளியே வந்த குரல்

ரொறன்ரோவில் இருப்பவர்கள் காலைத் தேநீரோடு இருப்பீர்கள். மெல்பேர்ணில் இருப்பவர்கள் நித்திரையைத் தள்ளிப்போட்டுவிட்டு இருக்கிறீர்கள், உங்களுக்குத்தான் என் முதல் நன்றி. நான் நேற்று இரவு வேலை முடித்து, நாலு மணித்தியாலம் மட்டும் படுத்து எழும்பி வந்திருக்கிறேன். இடையில் வசனம் தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமைப்பாளர் தம்பி என்னிடம் கேட்ட தலைப்பு வேறு. 'புலம்பெயர் பெண் எழுத்தில் தனிக்குரல்' என்று கேட்டார். நான் ஒரு பொப் பாடகியைப் பற்றிக் கதைக்கிறேன் என்றேன். தொலைபேசியில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு "சரி அக்கா, உங்கள் விருப்பம்" என்றார். அந்தச் 'சரி அக்கா'வில் எவ்வளவு கவலை இருந்தது என்று எனக்குத் தெரியும். கவலைப்படாதீர்கள் தம்பி, கடைசியில் நீங்கள் கேட்ட தலைப்புக்கு வந்துவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன்.

எங்கள் வீட்டில் பொப் என்றால் நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன். அப்பா சந்தோசமாக இருக்கும் நாளில் 'சுராங்கனி' கசெட் ஓடும். டென்மார்க்கில் பொப் என்றால் வேறு என்று எனக்கு விளங்கியது 1997இல். எனக்குப் பதினாறு வயது. யூலண்டில் ஒரு சின்ன நகரத்துப் பள்ளிக்கூடம். வெள்ளிக்கிழமை இரவு வகுப்பு விருந்து, ஒன்பது மணிக்கு அப்பா வாசலில் காரோடு நிற்பார். அந்த வருடம் எந்த விருந்திலும் ஒரே பாட்டுத்தான், அக்வா குழுவின் 'பார்பி கேர்ள்'. அது இரண்டு குரலில் போகும் பாட்டு. பொம்மைக் குரலில் ஒரு பெண் பாடுவாள், கரகரத்த தாழ்ந்த குரலில் ஓர் ஆண் இடையிடையே கூப்பிடுவான். என் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் பொம்மையாக இருக்க வேண்டும் என்றார்கள். ஆண் குரலுக்கு ஆள் இல்லை. என்னைப் பார்த்தார்கள். நானும் மறுக்கவில்லை. அந்த இருபது பேர் நடுவில் எனக்கு ஒரு வேலை கிடைத்ததே பெரிய காரியம்.

அந்தப் பொம்மைக் குரலின் சொந்தக்காரி லேனே நிஸ்ட்ரோம். அவர் டென்மார்க்காரி அல்ல, நோர்வேக்காரி. 1973இல் டொன்ஸ்பேர்க்கில் பிறந்தவர். நோர்வேயின் லார்விக்குக்கும் எங்கள் பிரெடெரிக்ஸ்ஹவ்னுக்கும் இடையில் ஓடிய 'பீட்டர் வெசல்' என்ற கப்பலில் பாடிக்கொண்டிருந்தவர். அந்தப் படகுப் பயணம் எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். மலிவு மதுவுக்கும் சொக்கலேட்டுக்கும் போகிறவர்கள், தூங்குகிறவர்கள், சத்தி எடுக்கிறவர்கள். பாட்டைக் கேட்க யாரும் கப்பல் ஏறுவதில்லை. அங்கே பாடிக்கொண்டிருந்தவரைத்தான் இந்தக் குழுக்காரர் கண்டுபிடித்தார்கள். சோரன் ராஸ்டட், கிளவுஸ் நொரீன் இருவரும் இசை அமைப்பவர்கள். ரெனே டிஃப் டிஜேயாக இருந்தவர். முதலில் 'ஜோய்ஸ்பீட்' என்ற பெயரில் ஒரு பாட்டு வெளியிட்டார்கள், அது எடுபடவில்லை. பெயரை அக்வா என்று மாற்றி 1996இல் 'ரோசஸ் ஆர் ரெட்' என்று வந்தபோதுதான் டென்மார்க் திரும்பிப் பார்த்தது.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரிந்த கதை. பிரித்தானியாவில் நாலு வாரம் முதலிடம், அமெரிக்காவில் ஏழாம் இடம். பொம்மை செய்கிற மட்டெல் கம்பனி வழக்குப் போட்டது. 2002இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பாட்டு ஒரு கிண்டல், அதற்குப் பேச்சுச் சுதந்திரப் பாதுகாப்பு உண்டு என்று சொல்லிவிட்டது. அடுத்த வருடம் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்கவே மறுத்தது. 2009இல் அதே மட்டெல் அதே பாட்டை வரிகளை மாற்றித் தன் விளம்பரத்துக்கு எடுத்துக்கொண்டது. வியாபாரத்துக்கு ஞாபகம் குறைவு.

நான் கதைக்க வந்தது அதற்குப் பிறகு நடந்ததை. 2001 மே மாதம் கோப்பன்ஹேகன் பார்க்கன் அரங்கில் யூரோவிஷன் நடந்தபோது இடைவேளையில் அக்வா பாடினார்கள். ஜூலையில் குழு கலைந்தது. அதே வருடம் லேனேயும் சோரனும் திருமணம் செய்தார்கள். 2003இல் லேனே தனியாக ஓர் அல்பம் வெளியிட்டார். பெயர் 'பிளே வித் மி'. முதல் பாட்டு 'இட்ஸ் யுவர் டியூட்டி'. குரல் கீழே இறங்கியிருந்தது. பொம்மை இல்லை. வளர்ந்த ஒரு பெண், கொஞ்சம் சீற்றம், கொஞ்சம் வெளிப்படையான காமம். கேட்டவர்கள் இருந்தார்கள். ஆனால் அக்வா மில்லியன் கணக்கில் விற்ற குழு. அந்த அளவுக்குப் பக்கத்தில்கூட இந்த அல்பம் போகவில்லை. இன்றுவரை அவர் பெயரில் வந்த தனி அல்பம் அது ஒன்றுதான்.

நான் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த அல்பத்தில் பாதிப் பாட்டை நானே தாண்டிப் போய்விடுவேன். அது ஒரு மறைக்கப்பட்ட பொக்கிஷம் என்று உங்களுக்கு விற்க வரவில்லை. ஆனால் ஏன் அப்படி ஆனது என்ற கேள்வி என்னைப் பல வருடமாக விடவில்லை. குழுவை விட்டு வந்து வென்றவர்கள் எத்தனையோ பேர். 1970இல் சுப்ரீம்ஸை விட்டு வந்த டயானா ராஸ், 1995இல் டேக் தட்டை விட்டு வந்த ராபி வில்லியம்ஸ். எங்கள் வீட்டில் மகள் ஒரு முழுநாள் சாப்பிடாமல் இருந்தாள், 2015 மார்ச்சில் சையின் மாலிக் ஒன் டிரெக்ஷனை விட்டுப் போனபோது. செத்த வீடு மாதிரி இருந்தது. நான் நேர்ஸ் என்பதால் நாடி பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. அடுத்த வருடமே சையினின் தனிப்பாட்டு அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் முதலிடத்துக்கு வந்தது. மகளுக்குச் சாப்பாடு இறங்கியது.

சையினுக்குக் கிடைத்தது லேனேக்கு ஏன் கிடைக்கவில்லை? திறமை என்று சொல்லி முடித்துவிடலாம். நான் அப்படி நினைக்கவில்லை. ஒன் டிரெக்ஷனில் ஐந்து பெடியன்கள். தொலைக்காட்சிப் போட்டிக்கு அவர்கள் தனித்தனியாக வந்தவர்கள், அங்கேதான் ஒன்றாகச் சேர்க்கப்பட்டார்கள். எந்தப் பிள்ளை எந்தப் பெடியனின் ஆள் என்று பள்ளிக்கூடத்தில் கட்சி பிரித்து வைத்திருந்தார்கள். ஒருவன் வெளியே போனால் அவன் கட்சி அவனோடு போகும். அக்வா அப்படி இல்லை. அவர்கள் தங்களைச் சித்திரக்கதை மாந்தர் மாதிரிச் செய்துகொண்டார்கள். இரண்டாம் அல்பத்தின் முதற் பாட்டின் பெயரே 'கார்ட்டூன் ஹீரோஸ்'. யாரும் லேனேயின் கட்சியில் இல்லை, பொம்மையின் கட்சியில்தான் இருந்தார்கள். பொம்மையோ பாட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தக் குரல் பாதிக் குரல். ரெனே கீழே இருந்து கூப்பிட்டால்தான் லேனே மேலே இருந்து பதில் சொல்லலாம். அவ்வளவு உயரத்தில் அந்தக் குரல் நிற்பதற்கே கீழே அந்தக் கரகரப்பு வேண்டும். ஒன்றை எடுத்துவிட்டால் மற்றது அந்தரத்தில் தொங்கும்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் கோவில் பாடகர் குழுவில் இருபது வருடம் இரண்டாம் குரல். கத்தோலிக்கக் கோவில், தமிழ்ப் பூசை, மாதத்தில் ஒரு ஞாயிறு. மெட்டைப் பாடுவது முதற் குரல்காரர்கள். நாங்கள் கீழே தாங்கிக்கொண்டு போவோம். ஒருமுறை எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரின் அடக்கப் பூசைக்கு வேலை நாளில் யாரும் வர முடியவில்லை. நான் மட்டும் வந்திருந்தேன். சுவாமி "நீர் பாடும்" என்றார். எத்தனையோ நூறு தடவை பாடிய பாட்டு. வாயைத் திறந்தால் எனக்கு மெட்டுத் தெரியாது! இரண்டாம் குரல்தான் வருகிறது. அதைத் தனியாகக் கேட்டால் பாட்டு மாதிரியே இருக்காது, யாரோ வேறொரு பாட்டைப் பிழையாகப் பாடுவது மாதிரி இருக்கும். பெரியவரின் மனைவி தலையைத் தூக்கிப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு ஞாபகம். இரண்டு வரியில் நிறுத்திவிட்டு வாசித்தேன், பாடவில்லை.

சரி, லேனேக்கு மெட்டுத் தெரியாதா? தெரியும். அதுதான் இதில் அநியாயம். 1998இல் அக்வாவின் 'டேர்ன் பாக் டைம்' வந்தது, 'ஸ்லைடிங் டோர்ஸ்' படத்தில் வருகிற பாட்டு. போய்க் கேளுங்கள். அதில் பொம்மை இல்லை. ரெனேயும் கிட்டத்தட்ட ஒதுங்கி நிற்கிறார். மெதுவான, தாழ்ந்த, களைத்த ஒரு பெண் குரல். அதையும் பிரித்தானியாவில் முதலிடத்துக்குக் கொண்டுபோனார்கள். அப்படியானால் சனம் அந்தக் குரலை வேண்டாம் என்று சொல்லவில்லை. அக்வா என்ற பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தபோது வாங்கினார்கள். அதே ஆள் தன் பெயரை மட்டும் எழுதிக் கொண்டுவந்தபோது 'நீ யார்?' என்றார்கள்.

2003இலேயே இன்னொரு விசயம் நடந்தது. லேனே பிரித்தானியாவில் செனோமேனியா என்ற பாட்டுத் தயாரிப்புக் கூட்டத்தோடு சேர்ந்து பாட்டு எழுதினார். அப்படி அவரும் சேர்ந்து எழுதிய ஒரு பாட்டு 'நோ குட் அட்வைஸ்'. அதைப் பாடியவர்கள் கேர்ள்ஸ் அலவுட், தொலைக்காட்சிப் போட்டியில் அப்போதுதான் சேர்க்கப்பட்ட ஐந்து பெண்கள். பிரித்தானியாவில் இரண்டாம் இடம் வந்தது. குழுவை விட்டு வந்தவரின் பாட்டு இன்னொரு குழுவின் வாயில் வென்றது. எனக்கு இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

இப்போது தம்பி கேட்ட தலைப்பு. நான் ஒரு பத்து வருடம் எங்கள் பகுதிப் பெண்கள் வட்டம் ஒன்றில் எழுதினேன். ஆண்டு மலர், கவிதை, சிறுகதை, ஒளிவிழாவுக்கு நாடகம். நல்ல மனிதர்கள், நான் குறை சொல்ல வரவில்லை. என்னை எழுத வைத்ததே அவர்கள்தான். பிறகு என் கதைகளைத் தனியாகத் தொகுக்க நினைத்து ஒரு பதிப்பாசிரியருக்கு அனுப்பினேன். பதினொரு பக்கக் கதை ஒன்றைத் திருப்பி அனுப்பினார். அதில் 'நாங்கள்' என்று வரும் இடங்களைச் சிவப்பில் வட்டமிட்டிருந்தார். எண்ணிப் பார்த்தேன், முப்பத்தேழு. 'நாங்கள் குளிரைக் கண்டோம்', 'நாங்கள் மொழி தெரியாமல் நின்றோம்', 'நாங்கள் அழுதோம்'. கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: 'இதில் நீங்கள் எங்கே?'

கோபம் வந்தது. எங்கள் கதை எங்கள் எல்லோருடைய கதையும் இல்லையா என்று நினைத்தேன். பிறகு ஒவ்வொரு 'நாங்கள்' ஆக எடுத்து 'நான்' என்று மாற்றிப் பார்த்தேன். பாதி வசனம் பொய்யாகிவிட்டது. நான் குளிரைக் கண்டு அழவில்லை. முதற் பனியைக் கண்டு நான் சந்தோசத்தில் குதித்தேன், அழுதது அம்மா. எனக்கு மொழி தெரியாத வெட்கம் இருந்ததில்லை. மொழி கெதியாக வந்துவிட்டதால், பன்னிரண்டு வயதில் வைத்தியரிடம் அம்மாவின் வயிற்று நோவை மொழிபெயர்த்துச் சொன்ன வெட்கம்தான் இருந்தது. அதை நான் அதுவரை எழுதியிருக்கவில்லை. முதற் குரல் என்ன பாடுகிறதோ அதைக் கீழே இருந்து தாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். எங்கள் தமிழில் 'நாம்' என்றும் 'நாங்கள்' என்றும் இரண்டு இருக்கிறது. 'நாம்' கேட்பவரையும் சேர்க்கும், 'நாங்கள்' அவரை வெளியே வைத்துக் கதவைச் சாத்தும். நான் அந்தக் கதவுக்கு உள்ளே நல்ல சூடாக இருந்தேன்.

புத்தகம் வந்தது. வட்டத்தில் ஒரு சினேகிதி, மிக நெருங்கியவள், "எங்களோடு இருந்துதானே எழுதப் பழகினாய், இப்போது நாங்கள் போதாதா?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் பிழையில்லை. என்னிடம் பதிலும் இல்லை. இப்போதும் கடையில் கண்டால் சிரிப்போம், பிள்ளைகளைப் பற்றி விசாரிப்போம், புத்தகத்தைப் பற்றிக் கதைக்க மாட்டோம். நூற்றுச்சொச்சம் பிரதி போனது. மிச்சம் என் வீட்டு நிலவறையில் குளிர்காலச் சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. யாருக்காவது வேண்டுமென்றால் எழுதுங்கள், தபால் செலவும் என்னுடையது.

டென்மார்க்கில் இதை வேறு விதமாகச் செய்த ஒருவரையும் சொல்ல வேண்டும். அவுட்லாண்டிஷ் குழு உங்களில் பலருக்குத் தெரியும், 2003இல் வந்த அவர்களுடைய 'ஆயிஷா' எங்கள் கலியாண வீடுகளிலும் ஓடியது. கோப்பன்ஹேகனுக்கு வெளியே புரோண்ட்பி ஸ்ட்ராண்ட் தொடர்மாடிகளில் வளர்ந்த மூன்று பெடியன்கள். இசாம் பஷீரியின் குடும்பம் மொரோக்கோ, வக்காஸ் அலி காத்ரியின் குடும்பம் பாகிஸ்தான், லெனி மார்ட்டினெஸ் ஹொண்டுராஸில் பிறந்த கத்தோலிக்கர். இரண்டு முஸ்லிமும் ஒரு கிறிஸ்தவரும் அரபு, உருது, ஸ்பானிய மொழிகளைக் கலந்து பாடினார்கள். அது 'நாங்கள்' என்ற பாட்டு, நல்ல 'நாங்கள்'.

2007இல் இசாம் தனியாக 'இன்ஸ்டிடியூஷன்' என்ற அல்பத்தை வெளியிட்டார். அதில் ஹான்ஸ் கிறிஸ்டியன் அண்டர்சன் 1850இல் எழுதிய தேசப்பாட்டு ஒன்றைப் பாடினார். தலைப்பைத் தமிழில் சொன்னால் 'டென்மார்க்கில் நான் பிறந்தேன்'. இங்கே பள்ளிக்கூடங்களில் எழுந்து நின்று பாடும் பாட்டு. யூலண்ட்ஸ்-போஸ்டன் பத்திரிகையின் கேலிச்சித்திர விவகாரம் முடிந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. முஸ்லிம்கள் இந்த நாட்டுக்குச் சேர்ந்தவர்களா என்று ஒவ்வொரு இரவும் தொலைக்காட்சியில் விவாதம். அந்த நேரத்தில் மொரோக்கோப் பெயருள்ள ஒருவர் 'நான்' என்று தொடங்குகிறார். பொய்யும் இல்லை, அவர் இங்கே பிறந்தவர்தான். மூன்று பேராகப் பாடியிருந்தால் அது கோரிக்கையாகப் போயிருக்கும். ஒருவர் பாடியதால் பிறப்புச் சான்றிதழ் மாதிரி இருந்தது. லெனியால் அதைப் பாடவே முடியாது, அவர் ஹொண்டுராஸில் பிறந்தவர். நானும் பாட முடியாது. என் மகள் பாடலாம். அவள் பள்ளிக்கூடத்தில் பாடியபோது நான் பின்வரிசையில் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

இசாம் குழுவை உடைத்துவிட்டுப் போகவில்லை. 2009இல் அவுட்லாண்டிஷின் அடுத்த அல்பம் வந்தது, அதில் அவரும் இருந்தார். வெளியே போய்த் தன் பாட்டைப் பாடிவிட்டுத் திரும்பி வந்தார். அதற்குக் கூடப் பாடுகிறவர்களுக்கும் பெரிய மனது வேண்டும். என் வட்டத்தில் நான் அப்படிக் கேட்டுப் பார்த்திருக்கலாமோ என்று சில நேரம் யோசிப்பேன்.

லேனேயும் திரும்பி வந்தார், ஆனால் வேறு வழியால். 2007இல் அக்வா மறுபடி சேர்வதாக அறிவித்தார்கள், 2011இல் 'மெகலோமேனியா' என்ற மூன்றாம் அல்பம். அதே வருடம் டென்மார்க் தொலைக்காட்சியில் 'வொய்ஸ்' போட்டிக்கு லேனே நடுவராக வந்தார். ஆளைப் பார்க்காமல், கதிரையைத் திருப்பிக்கொண்டு குரலை மட்டும் கேட்கிற போட்டி. யார் யோசித்து அவரை அந்தக் கதிரையில் வைத்தார்களோ தெரியாது, சரியான ஆளைத்தான் வைத்தார்கள். 2016இல் கிளவுஸ் விலகினார். 2017இல் லேனேயும் சோரனும் மணவாழ்க்கையில் பிரிந்தார்கள், ஆனால் மேடையில் பிரியவில்லை. ஐம்பதை நெருங்கிய வயதிலும் மேடையில் நின்று அந்தப் பொம்மைப் பாட்டைப் பாடினார். அதைத் தோல்வி என்று எழுதுகிறவர்களோடு எனக்குச் சரிவராது. இருபத்தைந்து வருடம் இரவு வேலை செய்கிறவளாகச் சொல்கிறேன், எந்த வேலை சோறு போடுகிறதோ அதற்குச் சீருடையைப் போட்டுக்கொண்டு போவது வெட்கமில்லை. அவர் ஒருதரம் சீருடையைக் கழற்றிப் பார்த்தார். கழற்றிப் பார்த்தவர் மறுபடி போட்டுக்கொள்வது வேறு, கழற்றவே தெரியாதவர் போட்டுக்கொண்டிருப்பது வேறு.

ஒரு சம்பவம் சொல்லிவிட்டு நிறுத்துகிறேன். ஆளை அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் எங்கள் வாட்டில் ஒருவர், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். பக்கவாதம். மூளையின் இடப்பக்கம் அடிபட்டதால் பேச்சுப் போய்விட்டது. ஆனால் சிலருக்குப் பேச்சுப் போனாலும் பழகிய பாட்டு மிஞ்சும். தண்ணீர் என்று கேட்க முடியாதவர் முழுப் பாட்டையும் சொல்லோடு பாடுவார். மனைவி ஒரு சின்ன ஒலிபெருக்கியை வைத்துவிட்டுப் போயிருந்தார், இளவயதில் இவர் விருந்துகளுக்குப் பாட்டுப் போட்டவராம்.

இரவு மூன்று மணி. கட்டிலில் அவரைத் திருப்பிப் படுக்க வைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று ரெனே டிஃபின் வரி ஒன்று அவர் வாயில் வந்தது, அந்தக் கரகரப்போடு, சொல் பிசகாமல். வந்து நின்றுவிட்டது. என்னைப் பார்த்தார். நான் தலையணையைச் சரிசெய்தேன். மறுபடி அதே வரி, மறுபடி நிறுத்தம். எனக்கு விளங்கியது. மற்றவரின் வரி வந்தால்தான் அவரால் அடுத்ததற்குப் போக முடியும்.

கதவைச் சாத்தினேன். நாற்பது வயது தாண்டிய, கையுறை போட்ட தமிழ் நேர்ஸ், பதினாறு வயதில் எனக்குத் தராத அந்தப் பொம்மைக் குரலில் மெதுவாகப் பாடினேன். கேவலமாக இருந்தது. அவருடைய நல்ல பக்க முகம் சிரித்தது. அடுத்த வரி வந்தது. மூன்று தடவை முழுப் பாட்டையும் பாடினோம். காலை ஏழு மணிக்குப் பொறுப்பைக் கைமாற்றும்போது, நோயாளி இரவில் பாடினார், சொற்கள் தெளிவு என்று பதிந்தேன். பேச்சுப் பயிற்சியாளர் அதைப் படித்துவிட்டு அன்றே ஓடிவந்தார்.

இவ்வளவுதான். கேள்விகள் இருந்தால் கேளுங்கள். மெல்பேர்ண்காரர் முதலில் கேட்டுவிட்டுப் போய்ப் படுக்கட்டும்.